எல்லார் கையிலும் வேலை இருக்கும் பள்ளி மன்றம்

பள்ளியில் ஒரு மன்றம் தொடங்கும் முதல் நாள் அறை நிரம்பி வழியும். பெயர் கொடுத்தவர்கள் 60 பேர் இருப்பார்கள். பொறுப்பாசிரியர் மன்றத்தின் நோக்கத்தைச் சொல்வார். தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் நடக்கும். கைதட்டலோடு கூட்டம் முடியும். இரண்டாம் வாரம் பாதிப் பேர். மூன்றாம் வாரம் வந்து உட்காருகிறவர்கள் அந்தத் தலைவரும் செயலாளரும் அவர்களுடைய நண்பர்களும் மட்டும்தான். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆர்வம் இருந்ததால்தானே அத்தனை பேர் வந்தார்கள்? அவர்களில் மூன்று பேரைத் தவிர மற்ற யாருக்கும் அன்று செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கேட்டுக்கொண்டு உட்காருவதற்கு அவர்களுக்கு வகுப்பறை இருக்கிறது, மன்றம் எதற்கு?

அதனால் மன்றம் நடத்துகிற ஆசிரியருக்கும் மூத்த மாணவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: கூட்டம் தொடங்கிப் 10 நிமிடத்துக்குள் அறையில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை இருக்க வேண்டும். மற்ற எல்லா முடிவுகளையும் இந்த ஒன்றை வைத்தே எடுக்கலாம்.

60 நிமிடக் கூட்டம் என்றால் முதல் 5 நிமிடம் வருகைப் பதிவுக்கும் அன்றைய வேலையைச் சொல்வதற்கும். அடுத்த 40 நிமிடம் வேலை. பிறகு 10 நிமிடம், செய்ததை ஒருவருக்கொருவர் காட்ட. கடைசி 5 நிமிடம் பொருள்களை எடுத்து வைக்க. இந்தக் கடைசி 5 நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், மேசை மேல் கிடப்பதைப் பொறுப்பாசிரியர் தனியாகப் பொறுக்குவார். இரண்டு மாதம் இப்படி நடந்தால் அவருக்கே அலுத்துவிடும். ஆசிரியர் அலுத்துப்போன மன்றம் அதற்குமேல் நடக்காது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை 2 மணி நேரம் கூடுவதைவிட வாரம் ஒருமுறை 40 நிமிடம் கூடுவது நல்லது. ஒரு விடுமுறையோ தேர்வோ குறுக்கே வந்தால், பதினைந்து நாள் இடைவெளி ஒரு மாதம் ஆகிவிடும். ஒரு மாதத்துக்குப் பிறகு பாதியில் நின்ற வேலையை எங்கே விட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைக் கையில் இருக்கும் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு செட் கருவிக்கு 3 பேர் என்பது நல்ல கணக்கு. 4 பேர் வரை சமாளிக்கலாம். ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்க்கத் தொடங்குவார், கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசையையும் பேச்சுக்கு இழுப்பார். 6 செட் இருந்தால் 18 பேர். 36 பேர் பெயர் கொடுத்திருந்தால் இரண்டு அணியாகப் பிரித்து வேறு வேறு நாளில் வரச் சொல்லலாம். யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

தலைவர் தேர்தலை ஆறாவது வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் யார் பொருள்களை எண்ணி வைக்கிறார்கள், யார் புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள், யார் நேரத்துக்கு வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முதல் நாள் தேர்தலில் ஜெயிப்பவர் வகுப்பில் ஏற்கெனவே பிரபலமானவர். அவர் நல்ல தலைவராகவும் அமையலாம்தான், ஆனால் அப்படி அமையும் என்று நம்பியிருக்கக் கூடாது. அதுவரை நேரக் காப்பாளர், பொருள் காப்பாளர், குறிப்பெழுதுபவர், அடுத்த வார வேலையைத் தயார் செய்பவர் என்று நான்கு பொறுப்புகளைச் சுழற்சியில் கொடுத்தால் போதும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்குக் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். பேச வராத பிள்ளையும் "நேரம் முடிந்தது" என்று உரக்கச் சொல்லப் பழகிவிடும்.

விவாத மன்றம்

ஆறு பேர் பேச 30 பேர் வேடிக்கை பார்ப்பது இங்கேதான் அதிகம் நடக்கும்.

பள்ளிகளுக்கான உலக விவாதப் போட்டி 1988இல் தொடங்கியது. அதன் முறையைப் பல நாட்டுப் பள்ளிகள் இன்று பின்பற்றுகின்றன. ஒவ்வோர் அணியிலும் மூன்று பேர் பேசுவார்கள், ஒருவருக்கு 8 நிமிடம். ஆறு பேரும் பேசிய பிறகு இரு அணிக்கும் 4 நிமிடத் தொகுப்புரை உண்டு. அதை முதல் பேச்சாளரோ இரண்டாம் பேச்சாளரோதான் பேச வேண்டும், மூன்றாமவர் பேசக் கூடாது. தொகுப்புரையை எதிரணி, அதாவது தலைப்பை எதிர்த்துப் பேசும் அணி, முதலில் பேசும். இதனால் எதிரணியின் மூன்றாவது பேச்சும் தொகுப்புரையும் அடுத்தடுத்து 12 நிமிடம் வரும். புதிய அணிகள் தடுமாறும் இடம் இது. மூன்றாமவர் சொன்னதையே தொகுப்புரையாளரும் திரும்பச் சொல்லிவிடுவார். மூன்றாமவர் எதிராளியின் வாதங்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். தொகுப்புரையாளர் புதிய வாதம் எதையும் கொண்டுவராமல், இந்த விவாதம் எந்த இரண்டு கேள்விகளில் முடிவானது, அவற்றில் நாங்கள் எப்படி முந்தினோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டால் குழப்பம் இல்லை.

ஆறு பேச்சும் இரண்டு தொகுப்புரையும் சேர்த்து 56 நிமிடம். ஒரு கூட்டத்துக்குள் இதை நடத்தப் பார்த்தால் நடுவர் பேசவே நேரம் இருக்காது. ஆகவே பேச்சை 3 நிமிடமாகவும் தொகுப்புரையை ஒன்றரை நிமிடமாகவும் குறைத்துவிடுங்கள், 21 நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்து, ஒரே விவாதத்தை அறை முழுக்க நடத்தாதீர்கள். அறையின் மூன்று மூலைகளில் மூன்று விவாதம் ஒரே நேரத்தில் நடக்கட்டும். சத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசப் பழகினால் குரல் தானாக உயரும். மூலைக்கு 6 பேச்சாளர், 2 நடுவர், 1 நேரக் காப்பாளர் என்று 27 பேருக்கும் வேலை இருக்கும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளலாம்.

நடுவராக இருப்பவர்கள் கையில் வாதக் குறிப்புத் தாள் இருக்க வேண்டும். ஒரு தாளைப் படுக்கைவாக்கில் வைத்து ஆறு பத்திகளாக மடியுங்கள், பேச்சாளருக்கு ஒரு பத்தி. ஓர் அணிக்கு நீல மை, மற்ற அணிக்குச் சிவப்பு மை. முதல் பேச்சாளர் சொன்ன வாதத்தை நீலத்தில் எழுதி, அதற்கு எதிரணி பதில் சொன்னால் அதே உயரத்தில் அடுத்த பத்தியில் சிவப்பில் எழுதி அம்புக்குறி போட வேண்டும். விவாதம் முடிந்ததும் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அம்பு எதுவும் வராமல் ஒரு நீல வரி தனியாக நிற்கிறதா? அந்த வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். யார் ஜெயித்தார்கள் என்பதில் "நன்றாகப் பேசினார்" என்ற எண்ணம் பின்னால் போய், எழுதியது முன்னால் வரும். மூன்று முறை இந்தத் தாளை எழுதிய பிள்ளை, மேடை ஏறும்போது கேட்பவர் எதை எழுதிக்கொள்வார் என்று யோசித்துப் பேசும்.

தலைப்புத் தேர்வுக்கு ஒரு சோதனை உண்டு. 5 நிமிடத்தில் இரு பக்கத்துக்கும் மும்மூன்று வாதம் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்றாவது வாதம் வரவே மறுத்தால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். விடையைத் தேடிப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய கேள்வியும் விவாதத்துக்கு ஆகாது. வீட்டுப்பாடம் வேண்டுமா, பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் போன்ற, பிள்ளைகளுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயங்களில் தொடங்கினால் தகவல் தேடுவதில் நேரம் போகாது.

மனப்பாடம் செய்த கட்டுரையை ஒப்பிக்கும் பழக்கத்தை உடைக்க ஒரு பயிற்சி போதும். எதிராளி சொன்ன ஒரு வரியை எடுத்து, "அவர்கள் சொன்னது இது, நாங்கள் ஏற்கவில்லை, ஏனென்றால் இது, ஆகவே இது" என்று நான்கே வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். வட்டமாக நின்று ஆளுக்கு 30 வினாடி. முதல் கூட்டத்திலேயே இதைச் செய்யலாம், எந்தப் பொருளும் வேண்டாம்.

வானியல் மன்றம்

இந்த மன்றத்தின் பெரிய இடைஞ்சல், நட்சத்திரம் தெரியும் நேரத்தில் பள்ளி பூட்டியிருக்கும். ஆனால் பள்ளி நேரம் முழுக்கத் தலைக்கு மேலேயே நிற்கும் நட்சத்திரம் ஒன்று உண்டே, சூரியன். வானியல் மன்றத்தின் முதல் ஆறு வாரத்தையும் சூரியனை வைத்தே நடத்திவிடலாம்.

ஒரு சிறிய முகக்கண்ணாடி, கறுப்பு அட்டை, இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, இவை போதும். அட்டையில் 5 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுர ஓட்டை வெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டுங்கள். வெயிலில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, ஒளி ஜன்னல் வழியாக அறைக்குள் போய் எதிர்ச் சுவரில் விழும்படி சாய்த்து, கண்ணாடியைச் செங்கல்லோ களிமண்ணோ வைத்து அசையாமல் நிறுத்துங்கள். கையில் பிடித்தால் படம் சுவர் முழுக்க ஆடும். முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டச் சொல்லுங்கள், சதுரமாகத்தான் ஒளி விழும். தாளைப் பிடித்தபடி மெல்லப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். மூலைகள் மழுங்கும், கலங்கும், பிறகு நல்ல வட்டம் ஆகிவிடும். ஓட்டை சதுரம், படம் வட்டம். எதற்காக என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே கேட்பார்கள். தாளில் விழுவது இப்போது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் வடிவம்.

அந்த வட்டத்தின் விட்டம், கண்ணாடியிலிருந்து திரை வரையுள்ள தூரத்தில் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு. 10 மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால் வட்டம் சுமார் 9 சென்டிமீட்டர் இருக்கும். படத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டுக் காத்திருந்தால், இரண்டே நிமிடத்தில் சூரியன் தன் விட்டம் அளவுக்கு நகர்ந்து கோட்டைவிட்டு வெளியே போய்விடும். பூமி சுற்றுவதைச் சுவரில் நேரிலேயே பார்த்தாயிற்று. சூரியனின் முகத்தில் பெரிய கரும்புள்ளி இருக்கும் நாளில் அதுவும் மங்கலாகத் தெரியலாம். படம் மங்கலாக இருந்தால் அறை போதிய இருட்டில் இல்லை என்று அர்த்தம். ஓட்டையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், கூடவே விளிம்பு கலங்கிவிடும். முதலில் திரைச்சீலையைச் சரிசெய்யுங்கள்.

சூரியனை நேராகவோ கண்ணாடியிலோ யாரும் பார்க்கக் கூடாது. பைனாகுலரையும் தொலைநோக்கியையும் இந்த ஆறு வாரம் அலமாரிக்குள் பூட்டி வைத்துவிடுங்கள், ஒரு வினாடி அதன் வழியே சூரியனைப் பார்த்தாலே கண்ணில் நிரந்தரக் காயம் ஏற்படலாம். ஸ்டூல் பக்கத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், ஒளிக்கற்றைக்குள் யாரும் தலையை நீட்டாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

அடுத்த வாரம் ஒரு நேர்க்கோல். சமதரையில் செங்குத்தாகக் கோலை நட்டு, தூக்குநூல் கட்டிச் சரிபாருங்கள். உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிழல் நுனியைக் குறித்து, கோலை மையமாக வைத்து அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். நிழல் குறுகி, திரும்ப வளர்ந்து, பிற்பகலில் மறுபடி வட்டத்தைத் தொடும்போது அந்தப் புள்ளியையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைக்கும். அந்தக் கோட்டின் நடுப்புள்ளியையும் கோலையும் இணைத்தால் வடக்கு தெற்கு. கைபேசித் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கொஞ்சம் விலகும். காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல என்று அங்கே பேச்சு வரும். கோல் சாய்ந்திருந்தால் எல்லாமே தவறிவிடும், தூக்குநூலை மறக்க வேண்டாம்.

வேறு ஊர்ப் பள்ளி ஒன்றோடு தொடர்பு இருந்தால் இன்னும் நல்லது. நேர் வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியில் அதே நாள், அதே நீளக் கோலின் உச்சிநேர நிழலை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு நிழல்களிலிருந்து சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டால், கோண வித்தியாசம் 360இல் எத்தனை பங்கோ, இரண்டு ஊர்களுக்கும் இடைத்தூரம் பூமியின் சுற்றளவில் அத்தனை பங்கு. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் 7.2 டிகிரி, அதாவது 50இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டது இந்த வழியில்தான்.

மின்னணுக் கருவிகள்

ரோபோ மன்றம் என்று பெயர் வைத்தாலே ஆள் குவியும். ஆனால் முதல் வாரமே ரோபோவைத் தொட்டால் ஒருவர் இணைக்க மூவர் பார்ப்பார்கள். முதலில் ஆளுக்கொரு எல்.இ.டி. 5 வோல்ட் மின்சாரம், சிவப்பு எல்.இ.டி., 220 ஓம் மின்தடை. எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். மின்தடை இல்லாமல் இணைத்தால் பளிச்சென்று எரிந்து செத்துப்போகும். எரியவே இல்லை என்றால் பெரும்பாலும் காலை மாற்றிச் செருகியிருப்பார்கள், நீளமான கால்தான் நேர்முனைக்கு.

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் வந்ததும் எல்லா மன்றத்திலும் ஒரே தகராறுதான் வரும்: மோட்டார் ஒருமுறை துள்ளும், அதை நிரல் மூலம் இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு பலகை அணைந்து மறுபடி தொடங்கும். நிரல்தான் தவறு என்று பிள்ளைகள் அரைமணி நேரம் வரி வரியாகத் தேடுவார்கள். நிரலில் ஒரு கோளாறும் இருக்காது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் பலகையின் 5 வோல்ட் முனையால் கொடுக்க முடிவதில்லை, மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகிறது. மோட்டாருக்குத் தனி மின்கல அடுக்கு வையுங்கள். பலகையின் தரை முனையையும் (GND) மின்கல அடுக்கின் எதிர்முனையையும் ஒரு கம்பியால் இணைக்க மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் மோட்டார் அசையவே அசையாது, அல்லது இஷ்டத்துக்கு நடுங்கும். சக்கர வண்டியின் மோட்டார்களை ஓட்டும் எல் 298 என் மோட்டார் இயக்கி தானே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 1.2 வோல்ட் மறுமின்னேற்ற மின்கலம் 4 போட்டால் 4.8 வோல்ட், மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 3 வோல்ட்டுக்கும் குறைவு. வண்டி நகரவில்லை என்று சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சதுரங்கமும் இதழும்

சதுரங்க மன்றத்தில் தோற்றவர் வெளியேறும் முறையில் போட்டி வைக்காதீர்கள். 32 பேர் வந்தால் முதல் சுற்றிலேயே 16 பேருக்கு வேலை முடிந்துவிடும். அதிகம் பழக வேண்டியவர்களும் அந்த 16 பேர்தான். ஸ்விஸ் முறையில் யாரும் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளி வைத்திருப்பவர்களை மோதவிட வேண்டும். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது, கறுப்பும் வெள்ளையும் கூடியவரை மாறி மாறி வரட்டும். 32 பேருக்கு 5 சுற்று போதும். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அதுவரை ஓய்வு பெறாதவர்களில் கடைசி இடத்தில் இருப்பவருக்கு அந்தச் சுற்றில் ஒரு புள்ளியோடு ஓய்வு. ஆளுக்கு 10 நிமிடக் கடிகாரம் வைத்தால் ஒரு கூட்டத்தில் இரண்டு சுற்று முடியும். முடிவுச் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காய்களைக் கலைக்க வேண்டும்.

மாணவர் இதழ் என்றால் ஆசிரியர் குழுவில் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் தட்டச்சு செய்து இரவெல்லாம் விழித்திருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் இருவர் என்று வையுங்கள்: எழுதுபவர், வாய்விட்டுப் படித்துத் திருத்துபவர். மடித்துப் பின் அடிக்கும் இதழில் பக்கங்கள் 4இன் மடங்காகத்தான் இருக்க முடியும். ஏ4 தாளை மடித்தால் ஒரு தாளுக்கு 4 பக்கம், 16 பக்க இதழுக்கு 4 தாள். வெளித்தாளின் ஒரு முகத்தில் இடது பக்கம் 16, வலது பக்கம் 1. மறுமுகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பிறகு 4, 13. ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும், அதாவது மொத்தப் பக்கத்தோடு ஒன்று. கூட்டல் தவறினால் அடுக்கு தவறு. இரண்டு பக்கமும் அச்சிடும்போது குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்க வேண்டும், நீள விளிம்பைத் தேர்ந்தெடுத்தால் மறுமுகம் தலைகீழாக வரும். ஒரே ஒரு பிரதி அடித்து மடித்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

பணம் வந்தால் ஒரே குறிப்பேட்டில், வந்த அன்றே, இருவர் கையெழுத்தோடு எழுத வேண்டும். ரசீதை அன்றே ஒட்டிவிட வேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடினால் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் முடியும் நேரம், கூட்டிப்போக வருபவர், ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி எண் இவ்வளவும் இருக்கட்டும். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை பெரியவர்கள் கிளம்பக் கூடாது.

ஆண்டு முடிவில் மூத்தவர்கள் போய்விட்டால் அவர்கள் தலையில் இருந்ததும் கூடவே போய்விடும். குறிப்பெழுதுபவர் வாரா வாரம் ஒரு பக்கம் எழுதியிருந்தால் இது நடக்காது: என்ன செய்தோம், என்ன பொருள் எத்தனை, எது சரியாக வரவில்லை, அடுத்தமுறை எதை மாற்ற வேண்டும். ஆண்டின் கடைசிக் கூட்டத்தை இளையவர்கள் அந்தக் குறிப்பேட்டை மட்டும் வைத்து நடத்தட்டும். மூத்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, இளையவர்கள் எந்த இடத்தில் திரும்பிப் பார்த்துச் சந்தேகம் கேட்கிறார்களோ அதைக் குறித்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டுப் போகட்டும்.